முதல் கவளம்

வாருங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே, வந்து உட்காருங்கள். பசியோடு வந்தவர்கள் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். ஏனென்றால் இது பசியைப் பற்றிய கதை. வெறும் வயிற்றோடு கேட்டால் காதில் ஏறாது.

வெகு காலத்துக்கு முன்னால் சீன தேசத்தில், மஞ்சள் நிறத் தண்ணீர் ஓடும் ஒரு பெரிய ஆற்றின் கரையில், ஷென்லிங் என்றொரு நகரம் இருந்தது. நகரம் ஒரு குன்றின் மேல். குன்றின் உச்சியில் அரண்மனை. அந்த அரண்மனையின் மடைப்பள்ளியில் கீரை ஆய்கிற வேலை பார்த்து வந்தாள் லான்சி என்கிற பெண்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். காலையில் கீரை ஆய்வாள். மத்தியானம் அரிசியில் கல் பொறுக்குவாள். சாயங்காலம் பாத்திரம் கழுவுவாள். அதிகம் பேச மாட்டாள். தரையில் ஒரு பருக்கை விழுந்தாலும் எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொள்வாள். "லான்சி இருக்கிற இடத்தில் எறும்புக்கு வேலையில்லை" என்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். ஏன் அப்படிச் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் மட்டும் குனிந்த தலை நிமிராது.

அவள் சொல்லாத பதிலை உங்களுக்கு நான் சொல்கிறேன்.

லான்சிக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. கணவன் பெயர் குவான். வடக்கே ஒரு சிற்றூரில், வானத்தைப் பார்த்துத் தினை விதைக்கிற குடும்பம். கல்யாணமான வருஷம் மழை பெய்யவில்லை. அடுத்த வருஷமும் பெய்யவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் பெய்யவில்லை.

முதல் வருஷம் விதைத் தினையைத் தின்றார்கள். அது தீர்ந்ததும் வரப்போரத்துக் கீரையைத் தின்றார்கள். இரண்டாம் வருஷம் ஊரை விட்டு நடந்தார்கள். போகிற வழியில் மரப்பட்டையைத் தின்றார்கள். மூன்றாம் வருஷம் பெயர் தெரிந்த எதுவும் மிஞ்சவில்லை. பெயர் தெரியாததைத் தின்றார்கள்.

பெயர் தெரியாததைத் தின்னத் தொடங்கியபோது குவான் ஒரு வழக்கம் வைத்தான்.

"முதலில் நான் தின்கிறேன். பொழுது சாய்கிறவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நீ தின்னு" என்றான்.

"ஏன், நான் முதலில் தின்றால் என்ன?"

"என் வயிறு பெரியது. விஷம் உள்ளே போனாலும் வழி தெரியாமல் நாலு நாள் சுற்றிக்கொண்டு கிடக்கும்" என்று சிரித்தான்.

அவன் ஓர் இலையைக் கிள்ளி வாயில் வைப்பான். கண்ணை மூடிக்கொள்வான். "நாக்கு நுனி சுரீர் என்கிறது, இது வேண்டாம்" என்பான். "கசக்கிறது, ஆனால் வெறும் கசப்புதான், வேகவைத்து மூன்று தண்ணீர் கொட்டினால் போய்விடும்" என்பான். "உதடு மரத்துப்போகிறது, இந்தப் பக்கமே வராதே" என்பான். இருவருக்கும் எழுதத் தெரியாது. அதனால் அவன் சொன்னதை எல்லாம் அவள் மனத்தில் போட்டு, நடக்கும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடப்பாள். எத்தனை இலை, எத்தனை வேர், எத்தனை பட்டை! அத்தனைக்கும் முதல் கவளம் அவனுடையது.

மூன்றாம் வருஷத்தின் கடைசியில், வற்றிப்போன ஓர் ஓடைக்கரையில் ஒரு கிழங்கு கிடைத்தது. இலையைப் பார்த்தால் அவர்கள் பலமுறை தின்ற கிழங்கின் இலை. ஆனாலும் குவான் தன் வழக்கத்தை விடவில்லை. காலையில் சுட்டுத் தின்றான். உச்சிவேளைக்கு அவன் கால்கள் நிற்கவில்லை.

"லான்சி, இலை அதேதான். மிச்சமிருக்கிற கிழங்கை முறித்துப் பார். உள்ளே என்ன இருக்கிறது?"

அழுதுகொண்டே முறித்தாள். "நூல் போல ஒரு சிவப்பு வளையம் இருக்கிறது."

"நாம் தின்றதில் அது இல்லை. அப்படியானால் அதுதான் அடையாளம். மறந்துவிடாதே."

பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு இருபது நாள் கழித்து மழை பெய்தது. இருபதே நாள்.

லான்சி தனியாக நடந்து ஷென்லிங் வந்து சேர்ந்தாள். மடைப்பள்ளியில் வேலை கிடைத்தது. இரண்டு வேளைச் சோறும் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு கவளத்தை எடுக்கும்போதும், 'அவர் செத்து நான் தின்கிறேன்' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அதனால் அந்த மூன்று வருஷத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

இருபத்திரண்டாம் வருஷம் இளவேனிலில் ஆறு கரையை உடைத்தது.

மூன்று நாள் மழை. மூன்றாம் நாள் விடிந்தபோது குன்றைச் சுற்றி நாலு பக்கமும் கடல் போலத் தண்ணீர். அடிவாரத்தில் இருந்த நெற்களஞ்சியம் முழுகிப்போயிற்று. படகுகளை எல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. குன்றின் மேல் பத்தாயிரம் பேர். அரண்மனையில் இருந்த அரிசி கஞ்சியாகப் பன்னிரண்டு நாள் வந்தது. பதின்மூன்றாம் நாள் பானையைச் சுரண்டினார்கள்.

தண்ணீர் வடிய இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள் ஆற்றை அறிந்தவர்கள். அரசர் தம் வைத்தியரை அழைத்தார். வைத்தியர் பெயர் பெய்வென். முப்பது வருஷம் மூலிகை நூல்களைக் கற்றவர். நல்ல மனிதர்தான், கொஞ்சம் கர்வம் உண்டு.

"குன்றின் மேல் காடாய் முளைத்துக் கிடக்கிறதே, அதில் எதைத் தின்னலாம்?" என்று அரசர் கேட்டார்.

"நூலில் எல்லாம் இருக்கிறது, அரசே" என்றார் பெய்வென். படம் பார்த்து, இலையை ஒப்பிட்டு, ஆட்களை விட்டுத் தோண்டச் சொன்னார். மூன்று கூடை கிழங்கு மடைப்பள்ளிக்கு வந்தது. வாசலில் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். அண்டாவில் தண்ணீர் கொதித்தது.

கிழங்கை நறுக்கக் குந்தினாள் லான்சி. முதல் கூடையில் ஒன்றை எடுத்து நறுக்கினாள். வெள்ளை. இரண்டாவது கூடையில் ஒன்றை எடுத்து நறுக்கினாள். வெள்ளை. மூன்றாவது கூடையில் ஒன்றை எடுத்து நறுக்கினாள்.

நூல் போல ஒரு சிவப்பு வளையம்.

இன்னொன்றை நறுக்கினாள். அதிலும் வளையம். மற்ற இரண்டு கூடைகளிலும் இது கலந்திருந்தால்? சொல்ல வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வாய் அல்லவா? வாய் வராததால் கை முந்திக்கொண்டது. எழுந்து மூன்று கூடைகளையும் தூக்கி, ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்துச் சேற்றில் கவிழ்த்துவிட்டாள்.

வரிசையில் நின்ற ஜனங்கள் கத்தினார்கள். ஒரு தாய் சேற்றில் இறங்கிப் பொறுக்கக் குனிந்தாள். லான்சி அவளை இழுத்து நிறுத்தினாள். குளத்தில் மிச்சமிருந்த அரண்மனை வாத்துகள் மட்டும் ஓடிவந்து நறுக்கிய துண்டுகளைக் கொத்தின. காவலர்கள் லான்சியின் இரண்டு கைகளையும் பிடித்து அரசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அரசர் கோபத்தில் இருந்தார். ஆனாலும் கேட்காமல் தண்டிக்கிறவர் அல்ல. மூன்று கேள்வி கேட்டார்.

"நீ எந்த நூல் படித்தவள்?"

"எனக்கு எழுத்துத் தெரியாது, அரசே."

"யாரிடம் கற்றாய்?"

"என் கணவரிடம்."

"எத்தனை வருஷம் கற்றாய்?"

"மூன்று வருஷம்."

பெய்வெனுக்குச் சிரிப்பு வந்தது. "நான் முப்பது வருஷம் கற்றிருக்கிறேன், அம்மா. இதோ படம், இதோ இலை. அச்சு அசல். ஜனங்களுக்குக் கொடுக்கும் முன் நானே தின்று காட்டுகிறேன்" என்று முற்றத்திலிருந்து எடுத்துவந்த கிழங்கு ஒன்றைத் துடைத்து வாயருகே கொண்டுபோனார். அவர் பொய்க்காகச் செய்யவில்லை. உண்மையிலேயே நம்பினார்.

காவலர் பிடியைத் திமிறிக்கொண்டு ஓடிப்போய் லான்சி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம், ஐயா! இதைத் தின்று ஒருவர் செத்தது போதும்."

"கையை விடு!"

"விட மாட்டேன். என்னைக் கொன்றாலும் விட மாட்டேன்."

அப்படி இருவரும் இழுபறியாக நின்றபோதுதான் வாத்துக்காரன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். "அரசே, மூன்று வாத்துக்குக் கால் விழுந்துவிட்டது. கழுத்தைத் தூக்க முடியாமல் கிடக்கின்றன."

பெய்வென் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார். மெதுவாகத் தரையில் வைத்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. தான் சாகப் பார்த்ததற்காக அல்ல. வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகளை நினைத்து.

அரசர் சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்தார். "அம்மா, எதைத் தின்னக் கூடாது என்று காட்டிவிட்டாய். எதைத் தின்னலாம் என்று சொல்வாயா?"

"சொல்கிறேன். ஆனால் சொன்னால் போதாது, அரசே. முதலில் நான் தின்ன வேண்டும். பொழுது சாய்கிறவரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். அப்படித்தான் என் கணவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்."

குன்றின் சரிவில் இறங்கினாள். மனத்தில் போட்டுவைத்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தபடி பறித்தாள். நாக்கு நுனி சுரீர் என்பது வேண்டாம். உதடு மரத்துப்போவது வேண்டாம். வெறும் கசப்பு போதும். மடி நிறைந்தது. வேகவைத்து ஒரு தண்ணீர் கொட்டினாள், இரண்டாம் தண்ணீர் கொட்டினாள், மூன்றாம் தண்ணீர் கொட்டினாள். ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு அரண்மனைப் படியில் வந்து உட்கார்ந்து தின்றாள்.

கசந்தது. நன்றாகவே கசந்தது.

பிறகு காத்திருக்கத் தொடங்கினாள். எதிரே பத்தாயிரம் பேரின் கண்கள். அவளுக்குள்ளே பயம். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்றே, வடக்கே வளர்ந்த கீரையும் இங்கே வளர்ந்த கீரையும் ஒன்றுதானா? ஒன்றே ஒன்றை மாற்றி நினைத்திருந்தால்? வயிற்றில் லேசாக ஒரு புரட்டல் வந்தபோது, சரி, வந்துவிட்டது என்று நினைத்தாள். அது பசிப் புரட்டல். சற்று நேரத்தில் அடங்கிற்று.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. அந்த மூன்றாம் வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும், காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை, குவான் இப்படித்தானே உட்கார்ந்திருப்பான்? இந்தப் பயத்தோடுதானே சிரித்துப் பேசியிருப்பான்? அவள் அவனைச் சாகவிட்டவள் அல்ல. அவன் தெரிந்தே, ஒவ்வொரு நாளும் புதிதாக, அவளுக்கு உயிரைத் தந்துகொண்டே நடந்திருக்கிறான். தந்ததை வாங்கிக்கொண்டு இத்தனை வருஷம் குற்றவாளி போலத் தலைகுனிந்து இருந்துவிட்டோமே, ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கண் நிறைந்தது. அந்த நன்றியை மெல்ல வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

யாரோ வந்து அருகில் உட்கார்ந்தார்கள். திரும்பினால் வைத்தியர் பெய்வென். அவள் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, நீங்கள் ஏன்? இன்னும் பொழுது சாயவில்லை."

"தனியாகக் காத்திருப்பது கஷ்டம், அம்மா" என்றார் அவர். முகத்தைச் சுளித்து விழுங்கினார். "எந்த நூலிலும் இத்தனை கசப்பு என்று எழுதவில்லை."

லான்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரோடு சிரித்தாள். இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். சூரியன் மஞ்சள் தண்ணீருக்குள் மெல்ல இறங்கிற்று. அவள் எழுந்து நின்றாள். கால்கள் நின்றன. வைத்தியரும் எழுந்து நின்றார். கீழே வீதியில் ஒருவர் அழுதார், ஒருவர் கைகூப்பினார். அடுத்த நொடி நகரம் முழுவதும் அடுப்பு மூட்டுகிற புகை எழுந்தது.

அதன் பிறகு முப்பத்தோரு நாள் ஷென்லிங் நகரம் கீரையும் வேரும் பட்டையும் தின்றது. பிரபுவும் தின்றார், வண்டிக்காரரும் தின்றார், அரசரும் தின்றார். பிள்ளைகள் கசக்கிறது என்று துப்பினார்கள். தாய்மார்கள் மூக்கைப் பிடித்து ஊட்டினார்கள். லான்சி தெருத் தெருவாகப் போய், எதை எத்தனை தண்ணீரில் கொட்ட வேண்டும் என்று காட்டினாள். பேசாதவள் என்று பெயரெடுத்தவளுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. பசியால் ஒருவரும் சாகவில்லை. விஷத்தால் ஒருவரும் சாகவில்லை.

தண்ணீர் வடிந்தது. படகில் நெல் வந்தது. அரசர் சபை கூட்டினார்.

"அம்மா, ஓடு வேய்ந்த வீடு தருகிறேன். பட்டு தருகிறேன். என் சபையில் ஆசனம் தருகிறேன்" என்றார்.

"வீட்டை வாங்கிக்கொள்கிறேன், அரசே. மடைப்பள்ளி மூலையில் படுத்து இடுப்பு வலிக்கிறது. பட்டு கட்டினால் கீரை பறிக்கக் குனிய முடியாது. சபையில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை."

அரசர் சிரித்தார். "அந்தப் பஞ்சம் உன்னை அறிவாளி ஆக்கியது. அதற்கு நாம் எல்லாரும் நன்றி சொல்ல வேண்டும்."

லான்சி தலையசைத்து மறுத்தாள். "பஞ்சத்துக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன், அரசே. அது பாதை முழுக்கப் பிணம் போட்டது. பஞ்சத்தில் என்னோடு நடந்தவருக்கு நன்றி சொல்வேன். நான் பட்டதில் ஏதாவது அறிவு இருந்தால், அதில் பாதிக்கு மேல் அவர் பட்டது. அவர் பெயர் குவான்."

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் பிறர் கேட்கச் சொன்னாள். அரசர் எழுந்து, தெரியாத அந்த மனிதருக்காகக் குனிந்து வணங்கினார். சபையே குனிந்தது.

பெய்வென் மறுநாள் காலையிலேயே தம் நூலையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு லான்சியின் புது வீட்டுக்கு வந்தார். "என் நூலில் பூத்த செடியைத்தான் வரைந்திருக்கிறார்கள். பூக்காத செடியைப் பசித்தவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்" என்றார். அவள் சொன்னாள், அவர் எழுதினார். அந்தக் கோடையில் தொடங்கியது மறு இளவேனிலில்தான் முடிந்தது.

முடிகிற சமயத்தில் வாசலில் ஒரு வயதான படகுக்காரர் வந்து தயங்கித் தயங்கி நின்றார். "வைத்தியரே, எனக்கு மூலிகை தெரியாது. ஆனால் மூன்று முறை வெள்ளத்தில் படகைப் பறிகொடுத்திருக்கிறேன். ஆறு கரையை உடைப்பதற்கு முன்னால் தண்ணீரின் நிறம் எப்படி மாறும் என்று தெரியும். அதை யாரும் கேட்டதில்லை" என்றார்.

பெய்வென் புதுத் தாளை எடுத்து விரித்தார். "உட்காருங்கள், ஐயா" என்றாள் லான்சி. "முதலில் ஒரு வாய் சாப்பிடுங்கள்."

அவருக்குப் பின்னால் ஐந்து பிள்ளைகளைக் காய்ச்சலிலிருந்து மீட்ட ஒரு தாய் வந்தாள். பனியில் கால்விரல்களை இழந்த ஒரு தபால்காரர் வந்தார். வாசலில் வரிசை நீண்டது. அவர்கள் பட்டதை எல்லாம் ஒருவர் கேட்டார், ஒருவர் எழுதினார். சொல்லிவிட்டுப் போனவர்கள் வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்து நடந்து போனார்கள்.

அதனால், கேட்டவர்களே, நீண்ட துன்பத்தில் தான் அறிந்ததை மறைத்து வைக்காமல், அதில் தனக்குத் துணை நின்றவரை நன்றியோடு நினைத்து, பிறர் துன்பப்படாமல் இருக்க எடுத்துக் கொடுப்பவரே உண்மையான அறிவாளி.